சாம்பிராணி இழுத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, லிஃப்ட் வந்தும் ஏறாமல் கீழ்த்தளத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். களைப்பெல்லாம் இல்லை. பெட்டியை நாலு பேர் பார்க்க வேண்டாமா? சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அப்போது யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. எண்பதுகளின் நடுவில் கார் வாங்குவதற்கு அடுத்த கௌரவம் அது. கார் வாங்க வக்கில்லாதவனுக்கு அதுவே முதல் கௌரவம்.

ரோச்சோர் பக்கம் ஒரு மாடிக் கடையில் வாங்கினேன். பச்சை எழுத்துத் திரை. பெட்டியின் முன்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு வாய்கள். ஒரு வாயில் செருகும் டிஸ்க் மிஷினை எழுப்பும்; இன்னொரு வாயில் செருகுவதில் நம் வேலையை எழுதி வைக்கலாம். டிஸ்க் என்றால் இப்போது உள்ளது போல் இல்லை. அப்பளம் மாதிரி மெல்லிசாக, வளைந்து கொடுக்கும் கறுப்புச் சதுரம். கடைக்காரச் சீனர் ஒவ்வொரு விரலாக மடக்கி எனக்கு விதிகளைச் சொன்னார்.

"நோ வாட்டர். நோ மேக்னட். நோ ஸ்மோக், ஆ! ஸ்மோக் கோ இன்சைட், ஃபினிஷ்!"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மீ நோ ஸ்மோக்" என்றேன். உண்மைதான். எங்கள் வீட்டில் யாரும் சிகரெட்டைத் தொட்டதில்லை. அந்த விதி எங்களுக்கு இல்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

யார் கேட்டாலும் மனைவிக்காக வாங்கினேன் என்று சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி, நான் அதில் ஒரு விளையாட்டு விளையாடினேன். பச்சைப் பாம்பு ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். ஆனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மிஷினுக்கு உரிமைக்காரி அவள்தான்.

என் மனைவி எழுபதுகளில், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தவள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்றுகிற வேலை. பத்து வருஷத்தில் லைன் லீடர் ஆகிவிட்டாள். அதாவது அவள் லைனில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவளுக்கு அடுத்த படி சூப்பர்வைசர். அதற்குத் தொழிற்சாலையே ஒரு பயிற்சி நடத்தியது. பயிற்சியின் முடிவில் ஒரு கட்டுரை எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் எதையாவது எப்படி மேலும் நன்றாகச் செய்யலாம் என்று அதில் சொல்ல வேண்டும். மேனேஜருக்குப் பிடித்தால் பதவியும் வரும், சொன்னதும் நடக்கும்.

மற்றவர்கள் பெட்டி அடுக்குவதைப் பற்றியும் டீ நேரத்தைப் பற்றியும் எழுதினார்கள். இவள் கண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.

அவள் லைனில் மூத்த பெண் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தொழிற்சாலை பஸ்ஸின் நம்பர் அவருக்குத் தெரிவதில்லை. "எந்த பஸ்ஸுமா இது, நம்மளுதா?" என்று கேட்டுத்தான் ஏறுவார். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க விடுவதில்லை என்பதுதான் காரணம் என்று என் மனைவி சொன்னாள். மைக்ரோஸ்கோப்பில் கொஞ்ச நேரம், பேக்கிங்கில் கொஞ்ச நேரம் என்று பெண்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தால் கண்ணும் பிழைக்கும், கழிவாகப் போகும் சாமானும் குறையும் என்பது அவள் வாதம்.

"வாயால சொன்னா மேனேஜர் கேப்பாரா? கணக்கு வேணும்னு சொல்லிட்டாரு" என்றாள்.

அதனால் மாதக்கணக்காக, ஒவ்வொரு மணி நேரத்திலும் யார் கையில் எத்தனை சாமான் கெட்டது, யாருக்குத் தலைவலி வந்தது என்றெல்லாம் துண்டுத் தாளில் குறித்து, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். சாம்பாரும் மோரும் கறை போட்ட அந்தத் தாள்கள் சாப்பாட்டு மேசை மேல் குவிந்து கிடந்தன.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்ல, இன்னும் இந்தக் குப்பை எதுக்கு?" என்றேன் ஒருநாள்.

"இருக்கட்டுங்க."

"இருபதாம் நூற்றாண்டுல இருக்கோம், லா" என்று சொல்லி, அத்தனையையும் வாரிக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரில் இருக்கும் குப்பைக் குழாயில் போட்டேன். அவை கீழே போகிற சத்தம் கேட்டது. எவ்வளவு சுத்தமாகிவிட்டது மேசை என்று எனக்கு ஒரே பெருமிதம்.

ஒன்றுக்கு மூன்றாக டிஸ்க் வைத்திருந்தாள். முதல் டிஸ்க், அதற்கு ஒரு நகல், நகலுக்கும் ஒரு நகல். அவள் வேலை செய்த இடம் அப்படி; எதையும் ஒன்றை மட்டும் நம்ப மாட்டார்கள்.

இனி என் அம்மா. அம்மா எங்களோடுதான் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி படங்களுக்கு விளக்கேற்றிவிட்டு, தணலில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கப் புகை காட்டுவார். சாமிக்குக் காட்டியதும் அடுத்தது தையல் மிஷின், அப்புறம் ஃபிரிட்ஜ், அப்புறம் டிவி. நமக்குச் சோறு போடுகிற எதற்கும் ஒரு மரியாதை வேண்டும் என்பது அவர் கட்சி. கம்ப்யூட்டர் வந்த முதல் வெள்ளியே அதற்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போது நான் பாம்பு விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா தூபக்காலை நீட்டியதும் புகை மேலே போகவில்லை. வளைந்தது. நேராக அந்த இரண்டு வாய்க்குள் போய் மறைந்தது. பின்பக்கத்தில் சூட்டை வெளியே தள்ள ஒரு மின்விசிறி ஓடுகிறது, அது முன்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது என்பது எனக்கே தெரியும். கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தபோது விசிறியாவது ஒன்றாவது!

"பாருடா, எப்படி ஏத்துக்குது!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மத்ததெல்லாம் வேண்டா வெறுப்பா நிக்குது. இது ஒண்ணுதான் வாயத் தொறந்து வாங்கிக்குது."

நானும் சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஷிஃப்ட். அவள் வரும்போது வீட்டில் சாம்பிராணி மணம் இருக்கும். அது எப்போதும் இருக்கும் மணம்தான். கம்ப்யூட்டருக்கும் பங்கு போகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

சில மாதங்கள் போயின. மிஷின் டிஸ்க்கைப் படிக்க மறுக்க ஆரம்பித்தது. 'கர்ர்... கர்ர்...' என்று தொண்டையைச் செருமும். பிறகு படிக்கும். டிவிக்குச் செய்கிற வைத்தியம்தான் எனக்குத் தெரியும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன். கேட்டது. இன்னொரு தடவை தட்டியும் கேட்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகப் புகை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து டிஸ்க்கைச் செருகினால் சமர்த்தாகப் படித்தது!

"திருஷ்டி" என்றார் அம்மா. "புளோக்கே பாக்கட்டும்னு நீ பெட்டியோட கீழ நின்னியே, அப்ப பட்டது."

அதன் பிறகு மிஷினுக்கு இரட்டைப் பங்கு. உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கூடுதலாகத் தைலம் தேய்ப்பது போல.

கட்டுரையைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வீட்டில் பிரிண்டர் கிடையாது. என் ஆபீஸ் கூட்டாளி ஒருவனிடம் இருந்தது. சனிக்கிழமை மதியம் டிஸ்க்கோடு அவன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் மனைவி மார்க்கெட்டுக்குப் போனாள். போகும்போது சொன்னாள்: "அத ஒண்ணும் தொடாதீங்க. நான் வந்து எடுத்துத் தரேன்."

தொடாதே என்றால் தொட வேண்டும் என்று ஒரு சாதி மனிதர்களுக்குத் தோன்றும். நான் அந்தச் சாதிக்குத் தலைவர். டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்து வைக்கலாமே! செருகினேன். 'கர்ர்ர்ர்ர்...' இந்தத் தடவை செருமல் இல்லை, அரைக்கிற சத்தம். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: படிக்க முடியவில்லை. நிறுத்தவா, மறுபடி முயலவா, கண்டுகொள்ளாமல் விடவா?

மறுபடி. மறுபடி. மறுபடி. அந்தச் சாவியை நான் அழுத்திய வேகத்துக்கு ஒரு ஆர்மோனியமே வாசித்திருக்கலாம்.

நிறுத்தியிருக்கலாம். இன்று வரைக்கும் என்னால் தாண்ட முடியாத இடம் இதுதான். கையை எடுத்துவிட்டு, கீழே காப்பிக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்திருந்தால், மற்ற இரண்டு டிஸ்க்கும் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் பதற்றம் வந்தால் எனக்குக் கைகள் இரண்டு போதாது. வியர்த்துக் கொட்டுகிறது, சட்டையைக் கழற்றிப் போட்டேன். கைலியை மடித்துக் கட்டினேன். கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நிற்கப் போகிறவன் மாதிரி. நகலை எடுத்துச் செருகினேன். 'கர்ர்ர்ர்...' அதுவும் இல்லை. அதைப் பிடுங்கி அடுத்த வாயில் செருகினேன். அங்கேயும் அதே சத்தம். நகலின் நகலையும் எடுத்தேன்.

"என்னடா சத்தம்?" என்று அம்மா வந்தார். என் கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு இல்லம்மா, இதுக்கு!"

அம்மா நேரே சமையலறைக்கு ஓடினார். போய் அடுப்பில் தணல் தட்டி, சாம்பிராணி போட்டு, சனிக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் தூபக்காலோடு வந்தார். "நேத்து காட்டினது போதல போல இருக்கு" என்றார். நான் தடுத்தேனா? "இந்தப் பக்கமும் காட்டுங்கம்மா" என்று மிஷினைத் திருப்பிக் கொடுத்தேன். புகை வளைந்து உள்ளே போனது. மூன்றாவது டிஸ்க்கைச் செருகினேன்.

என் மனைவி கீரைக்கட்டும் மீன் பையுமாகக் கதவைத் திறந்தபோது, நான் வெற்று உடம்போடு தரையில் உட்கார்ந்திருந்தேன். அறை முழுக்கப் புகை. மூன்று டிஸ்க்குகளும் மேசை மேல். அவள் ஒன்றை எடுத்து, அதில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்குமே, அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டில் வட்டமாக ஒரு பளபளப்பான கீறல். அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே வட்டம். மூன்றாவதை அவள் எடுக்கவில்லை.

கூட்டாளியை ஃபோனில் கூப்பிட்டேன். அவன் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். சிராங்கூன் ரோட்டு வீட்டில் பரோட்டாவில் கை வைத்தவன், பாதியில் எழுந்து டாக்சி பிடித்து வந்தான். வந்ததும் திருப்புளியால் மூடியைக் கழற்றித் தூக்கினான். தூக்கியதும் ஒரு மணம் கிளம்பியது பாருங்கள்! கர்ப்பக்கிரகத்தைத் திறந்தது மாதிரி.

"டேய், என்னடா இது, கம்ப்யூட்டரா கோயிலா?" என்றான். பிறகு, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, டிஸ்க்கை வருடிப் படிக்கிற அந்தச் சின்னத் தலையைத் துடைத்தான். பஞ்சு பழுப்பாக, பிசினோடு வந்தது. "இது காஞ்சு மணல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்தத் தலை எந்த டிஸ்க்கைத் தொட்டாலும் சொரண்டி எடுத்துடும். ஒண்ணு போனதுமே நிறுத்தியிருக்கணும், பாஸ். மூணையுமா போட்டே?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன். ஹவுசிங் போர்ட் வீட்டில் உத்தரம் ஏது? வெறும் சிமெண்டுக் கூரையைப் பார்த்தேன்.

என் மனைவி பஞ்சுக் குச்சியை வாங்கி மோந்தாள். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ்கள் செய்கிற அவள் தொழிற்சாலைக்குள் நுழையும் பெண்கள் பூ வைக்கக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, முகத்தில் பவுடர்கூடப் போடக்கூடாது. புகையின் ஒரு துகள் டிஸ்க் பக்கத்தில் வந்தால் பாறாங்கல் மாதிரி என்று படம் போட்டு வாசலிலேயே மாட்டியிருப்பார்களாம். வாரம் முழுக்க அந்தப் படத்தைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போனாள்.

"அத்தை, வெள்ளிக்கிழமை இதுக்கும் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"காட்டாமயா?" என்றார் அம்மா. "ஒரு வெள்ளி விட்டதில்ல. உன் படிப்பு இதுலதான இருக்குதுன்னு, சாமிக்குக் காட்டிட்டு மொதல்ல இதுக்குத்தான். அப்படியே இழுத்துக்கும்மா. பாக்கவே திருப்தியா இருக்கும்."

கூட்டாளி வாயைத் திறந்தான். என் மனைவி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"பழைய டிஸ்க்கு, அத்தை. அதான் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மீன் கெட்டுவிடும் என்று சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அவள் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, குப்பைக் குழாயின் கதவை ஒரு தடவை திறந்து பார்த்து மூடினாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டுரையைக் கையால் எழுதினாள். வாதம் முழுக்க ஞாபகம் இருந்தது. கணக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, யோசனை நன்றாக இருக்கிறது, நம்பர்கள் எங்கே என்று கேட்டாராம். "கம்ப்யூட்டர் ஸ்பாய்ல்" என்றாளாம். உலகத்துக்கே டிஸ்க் டிரைவ் செய்து அனுப்புகிற தொழிற்சாலை அது. அவர் சிரித்துவிட்டாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மறுபடி தூபக்காலோடு வந்தபோது, "அதுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா, புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். அம்மா நம்பினாரா என்று தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று, கையை மட்டும் அதன் பக்கம் நீட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார். கடைசி வரைக்கும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. என் மனைவி விடவில்லை. மறுபடி துண்டுத் தாளில் குறிக்க ஆரம்பித்தாள். அந்த மனிதர் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். பெண்கள் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், எப்போ மாத்துவாங்க, எப்போ மாத்துவாங்க என்று. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில் நிறையச் சொல்லியிருக்கிறேன். புகை வளைகிற இடத்தில் கையை வளைத்துக் காட்டுவேன். கைலியை மடித்துக் கட்டுகிற இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்றே ஒன்று விற்பனைக்கு வந்தது. நெருப்புக் குச்சி கிழித்தால் போதும், தணல் வேண்டாம். அந்தப் பெயரைப் பார்த்து நடைபாதையில் நின்று சிரித்தேன். பக்கத்தில் என் மனைவி சாமந்திப் பூவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த டிஸ்க்குகள் போய் இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு தீபாவளிக்கு அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டிருந்தார். விட்டார் என்பதைவிட, கண்ணைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் சரி. என் மனைவி அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போனாள். நான் பலகாரத் தட்டை நீட்டினேன். அவர் தட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"எது குடுத்தாலும் சாப்பிடுவேன் தம்பி. பேர மட்டும் சொல்லிடுங்க. இனிப்புன்னு நெனச்சு காரத்தக் கடிச்சுட்டா மொகம் போற போக்க நீங்க பாத்துச் சிரிப்பீங்க."

யாரும் என்னிடம் இவ்வளவு சுலபமாக ஒரு ஜோக்கை எடுத்துக் கையில் கொடுத்ததில்லை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன்.

"இது முறுக்கு அக்கா. இது அதிரசம். இது ஓமப்பொடி, உதிரும், பாத்து எடுங்க."